பதிமூன்றாவது ஆள்

அன்று இரவு பத்து மணிக்கு மேல் போன் வந்தது. கிள்ளானிலிருந்து ஓர் அம்மா. எப்போதும் "சாப்பிட்டியா தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அது இல்லை. "தம்பி, எங்க பேப்பரையெல்லாம் யார் யார் பார்த்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் யோசிக்காமலே சொன்னேன்: "வெளியாளுங்க யாரும் பார்க்க முடியாது ஆன்ட்டி. எல்லாம் பூட்டித்தான் வச்சிருக்கோம்."

அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. கடவுச்சொல் இருந்தது, போனுக்கு வரும் இரண்டாவது எண் இருந்தது, கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் அவர் வெளியாளைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைகளில் கூடும் தன்னார்வக் குழு ஒன்றுக்கு நண்பன் வழியாக அறிமுகமாகியிருந்தேன். நீல அடையாள அட்டை இல்லாதவர்களுக்குப் பத்திரங்களைத் திரட்டி, பாரம் நிரப்பி, பதிவிலாகாவுக்குக் கூடவே போய் வருகிற வேலை. குழுவின் பெயர் இங்கே வேண்டாம். ஆணை வந்ததும் அறையைப் பூட்டிவிட்டார்கள். ஒரே வாரத்தில் நாங்கள் தொலைவிலிருந்து வேலை செய்யும் குழு ஆகிவிட்டோம். கிள்ளானில் நாலு பேர், பிரிக்பீல்ட்ஸில் மூன்று பேர், ஷா ஆலாமில் இரண்டு பேர், ஈப்போவில் ஒருவர், பினாங்கில் ஒரு வழக்கறிஞர், அப்புறம் நான். மொத்தம் 12 பேர்.

பத்திரங்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தன. சமையலறைத் தரையில் வைத்து எடுத்த பிறப்புப் பத்திரம், மூலையில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். ஃபிளாஷ் பட்டு எண் மட்டும் வெளுத்துப்போன கல்யாணப் பதிவு. ஒரே பத்திரம் அஞ்சு பேர் போனில் அஞ்சு பெயரில் இருந்தது. எது கடைசி நகல் என்று யாருக்கும் தெரியாது. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

இந்தப் பேப்பர்கள் என்ன பேப்பர்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அடையாள எண்ணுக்கு 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பள்ளியில் பிள்ளைகள் 12 வயதில் மைகார்டு எடுக்கப் போவார்கள். அன்றைக்கு எடுக்க முடியாத பிள்ளைக்குத்தான் தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று முதன்முதலில் தெரியவரும். அதற்கப்புறம் வங்கிக் கணக்கு, லைசென்ஸ், மேல்படிப்பு, வேலை, கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் அந்த 12 இலக்கம் குறுக்கே நிற்கும்.

நம் ஆட்களுக்கு இது புதிய கதையுமில்லை. 1948இல் அவசரகாலம் வந்தபோது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கொடுத்தார்கள். 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். பாரம் நிரப்பத் தெரியாது, நிரப்பித் தர வேண்டிய கிராணிக்கு நேரமில்லை, அல்லது மனசில்லை. "சிவப்பு ஐ.சி. இருக்குல்ல, போதும்" என்று இருந்துவிட்டார்கள். போதவில்லை என்பது பத்தே வருஷத்தில் தெரிந்தது. 1968இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. பால்மரம் வெட்டியே வயதானவர்கள் அந்தப் பத்திரத்துக்காக அலைந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பினார்கள். ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் நாடே மாறிப்போன வரலாறு இது.

அதனால் எங்களிடம் வந்த காகிதங்களில் வெறும் தகவல் மட்டும் இருக்கவில்லை. கல்யாணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளை, அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு, பெற்றவள் யாரென்று தெரியாமல் கைமாறி வந்த குழந்தை, சிறையில் இருக்கும் அண்ணன். பாதுகாத்தால் மட்டும் போதாது, பலருக்குக் காட்டவும் வேண்டும். வழக்கறிஞர் படிக்காமல் மனு எழுத முடியாது. கிள்ளானில் இருப்பவர் பார்க்காமல் என்ன குறைகிறது என்று வீட்டாரிடம் கேட்க முடியாது. ஒரு கோப்பைப் பத்திரமாக வைப்பதும் அதைச் சேர்ந்து வேலை செய்யக் கொடுப்பதும் ஒன்றையொன்று இழுக்கிற வேலைகள்.

நான் ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். அறநிறுவனங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சேமிப்பகத்தில் ஒரு கணக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபோல்டர், உள்ளே எண்ணிட்ட பத்திரங்கள். யார் எதைத் திருத்தினாலும் பழைய பிரதி அழியாது. லிங்க்கை வெளியே அனுப்ப முடியாது. வாட்ஸ்அப்பில் இருந்ததையெல்லாம் அழிக்கச் சொன்னேன். 12 பேருக்கும் எல்லா ஃபோல்டரையும் திறக்கும் அனுமதி கொடுத்தேன்.

அந்தக் கடைசி வரியைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு வினாடிகூடச் சந்தேகம் வரவில்லை. நம்ம ஆளுங்கதானே.

*

2021 ஆகஸ்ட். கிள்ளானில் ஒரு பையன், அப்போது 16 வயது. வளர்த்தவர்கள் இருவரும் நீல அட்டைக்காரர்கள். பிறந்த சில நாளில் கைக்கு வந்த குழந்தை. பெற்றவள் யார், எந்த நாட்டுப் பிரஜை என்பது யாருக்கும் தெரியாது. வளர்த்தவர்கள் பிரஜைகள் என்பதே பிள்ளைக்குப் போதும் என்று யாரும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில், அப்போதைய விதிப்படி, 21 வயதுக்குட்பட்டவரைச் சிறப்புச் சூழலில் பிரஜையாகப் பதியும் அதிகாரம் அரசாங்கத்துக்கு இருந்தது. அந்த வழியில் மனுப் போடத்தான் எங்களிடம் வந்தார்கள். பையனுக்குத் தன் பிறப்புப் பத்திரத்தில் "ஏதோ எழுத்துப் பிழை" என்று சொல்லி வைத்திருந்தார்கள். தத்தெடுத்த பிள்ளை என்று சொல்லவில்லை.

எங்கள் குழுவில் கிள்ளானைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். தங்கமான மனுஷி. ஊரடங்கில் சொந்தக் காசில் அரிசி வாங்கிப் பல வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தவர். அவர் இருக்கும் அதே தாமானில், மூன்று வரிசை தள்ளி அந்தப் பையன் வீடு. ஒருநாள் கடையில் அவனைப் பார்த்திருக்கிறார். பையன் முகம் வாடியிருந்தது. "தத்துப் புள்ளன்னா என்னடா, உங்கம்மா உன்ன எப்படி வளர்த்திருக்காங்க, ஐ.சி. கண்டிப்பா வந்துரும், கவலப்படாத" என்று தோளைத் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். அன்றிரவுதான் எனக்கு அந்தப் போன் வந்தது.

போனை வைத்ததும் நிர்வாகிக்கு மட்டும் தெரியும் பதிவேட்டைத் திறந்தேன். எந்தக் கோப்பை யார், எந்த நிமிடம் திறந்தார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். அந்தப் பையனின் கோப்பு அக்கா பொறுப்பில் இருந்ததே இல்லை. ஆனாலும் ஓர் இரவு 9.40க்குத் திறந்திருக்கிறார். பதினோரு நிமிடம் கழித்து மறுபடி. முகவரியைப் பார்த்து 'அட, நம்ம தாமானாச்சே' என்று திறந்திருப்பார். அடுத்து தத்துப் பதிவைப் படித்திருப்பார். படித்ததை மறக்க முடியாது.

அவரிடம் பேசினேன். அழுதார். நிறைய அழுதுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்: "நீங்கதானே தம்பி தொறந்து வச்சீங்க?"

*

அக்கா செய்தது தவறா? தவறுதான் என்று சொல்ல என் வாய் வருகிறது, ஆனால் அவர் மேல் முழுப் பாரத்தையும் வைக்கக் கை வரவில்லை. அவர் எதையும் திருடவில்லை, விற்கவில்லை, புறம் பேசவில்லை. கொடுக்கப்பட்ட சாவியைப் பயன்படுத்தினார், தெரிந்ததை அன்பாகச் சொன்னார். எங்கள் ஏற்பாட்டின் கணக்குப்படி அன்றைக்கு எந்த அத்துமீறலும் நடக்கவில்லை.

கணினிப் பாதுகாப்பில் பழைய கொள்கை ஒன்று உண்டு. 1975இல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அது தெளிவாக இருக்கிறது: எந்தப் பயனருக்கும் அவர் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதியை மட்டும் கொடு. நான் இதைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் தினமும் கடைப்பிடிக்கிறேன். சம்பள ஃபோல்டரை நான் திறக்க முடியாததை நான் அவமானமாக நினைப்பதில்லை. பிறகு ஏன் குழுவில் அதைச் செய்யவில்லை?

வெட்கத்தினால். நல்லது செய்ய வந்த மூத்தவர்களிடம் போய் "உங்களுக்கு இது மட்டும்தான் தெரியும், அது தெரியாது" என்று எப்படிச் சொல்வது? "என்ன தம்பி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். நம்மிடையே கதவைச் சாத்துவது என்பது உறவைச் சாத்துவது மாதிரி. ஆக, மூத்தவர்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, அங்கே இல்லாத ஒரு குடும்பத்தின் ரகசியத்தை நான் செலவழித்திருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு இன்னொருவர் பொருளைத் தானம் பண்ணியிருக்கிறேன்.

நம்பிக்கை இருந்தால் பூட்டு வேண்டாம் என்பதும் நம் மரபில் இருந்ததாகத் தெரியவில்லை. கோலாலம்பூர் லெபோ அம்பாங் பக்கம் போனால் செட்டியார்களின் கிட்டங்கி வாழ்க்கையின் மிச்சத்தை இன்னும் பார்க்கலாம். தொலைவிலிருந்து நடந்த தொழிலுக்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. முதலாளி செட்டிநாட்டில், ஏஜெண்டு மலாயாவில், மூன்று வருஷத் தவணை. நடுவில் கடல். கடிதமும் கணக்கும்தான் இருவரையும் சேர்த்துக் கட்டியது. ஒரே நீளக் கூடத்தில் பல விலாசக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்தார்கள், ஒரே கோயிலில் கும்பிட்டார்கள். ஆனாலும் அவரவர் பெட்டி அவரவருக்கு, அவரவர் பேரேடு அவரவருக்கு. பக்கத்துப் பெட்டி பூட்டியிருக்கிறதே என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பூட்டு அங்கே சந்தேகத்தின் அடையாளமாக இருக்கவில்லை. 'இது உன் விஷயம்' என்ற மரியாதையாக இருந்தது.

இன்னொன்றையும் நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். 2017 அக்டோபரில் இந்த நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள், பெயர், முகவரி, அடையாள எண் உட்பட, வெளியே கசிந்த செய்தி வந்தது. நாட்டு மக்கள் தொகையைவிட அதிகம். இரண்டு வாரம் பேசினோம், விட்டுவிட்டோம். அதையே பாதுகாப்புப் பிரச்சினையின் அளவுகோலாக வைத்துத்தான் நான் எங்கள் ஏற்பாட்டைக் கட்டினேன். எங்கோ இருக்கும் முகம் தெரியாத திருடன் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருடனுக்குக் கிள்ளானில் ஒரு பையன் தத்துப் பிள்ளை என்பதில் என்ன அக்கறை? அந்தத் தகவலுக்கு உலகத்திலேயே விலை இருக்கிற இடம் அந்தத் தாமான்தான். மூன்று வரிசை தள்ளி இருப்பவர், ஒரே கோயிலுக்குப் போகிறவர், ஒரே கடையில் ரொட்டி சானாய் வாங்குகிறவர். ரகசியம் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் காயப்படுத்தும். சின்ன சமூகத்துக்குப் பூட்டுச் செய்கிறவன் முதலில் தெரிந்தவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் கதவை வாசலில் வைத்துவிட்டு அறைகளுக்குக் கதவே வைக்காமல் விட்டிருந்தேன்.

சரி, அப்படியானால் ஒரே ஆளிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிடலாமா? அதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் குழுவில் ஒருவர் கோவிட் வந்து மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். ஒரு குடும்பத்தின் மூலப் பத்திரங்கள் அவர் வீட்டில், ஒரு பட்டியல் அவர் கணினியில், கடவுச்சொல் அவர் தலையில். அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு 21 நிறைய இரண்டு மாதம்தான் இருந்தது. நல்லபடியாக முடிந்தது, ஆனால் அந்த மூன்று வாரம் யாருக்கும் தூக்கமில்லை. தாத்தாவின் தகரப் பெட்டி மாதிரிதான் இது. சாவி அவர் இடுப்பில். அவர் போனபிறகு பெட்டியை உடைத்தால் உள்ளே பாதிப் பத்திரம் கரையான் தின்றிருக்கும். யாருமே பார்க்க முடியாமல் போன பத்திரமும், பார்க்கக்கூடாதவர் பார்த்த பத்திரமும் ஒரே அளவு கெடுதல் செய்யக்கூடியவை. அதனால் "எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டு" என்பது ஒரு விடையே இல்லை. யாருக்கு, எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனியாகக் கேட்கத்தான் வேண்டும். அலுப்பான வேலை.

*

இது வரைக்கும் ஒரு பொறியாளனாக நானே வந்து சேர்ந்த இடம். அனுமதியைச் சரியாகப் பிரித்திருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதியையும் கெடுத்தவன் அந்தப் பையன்.

சில மாதம் கழித்து, கட்டுப்பாடுகள் தளர்ந்தபிறகு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கித் தனியாக என்னைப் பார்க்க வந்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்திருந்தேன். அக்கா திறந்தது எங்கள் தவறு, அனுமதியை மாற்றிவிட்டோம், இனி நடக்காது என்றெல்லாம் சொன்னேன். அவன் தே ஓ ஐஸைக் கலக்கிக்கொண்டே கேட்டான்.

"ணே, உங்க குரூப்புல எத்தன பேரு?"

"பன்னண்டு."

"பன்னண்டு பேரும் பார்க்கலாம். எனக்கு மட்டும் தெரியக்கூடாது. அப்ப எது ணே லீக்கு? அந்த ஆன்ட்டி சொன்னதா, இல்ல அதுக்கு முன்னாடி இருந்ததா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு வரியும் அவனைப் பற்றியது. அவன் பெயர், அவன் பிறந்த மருத்துவமனை, அவன் கைமாறிய தேதி. நான் வரைந்த அனுமதிப் பட்டியலில் வழக்கறிஞருக்கு இடம் இருந்தது, நிர்வாகிக்கு இடம் இருந்தது, ஈப்போவில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு இடம் இருந்தது. பதிமூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, அவனுடைய வாழ்க்கைதான் இது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு அவன் ஒரு 'கேஸ்'. பயனர் பட்டியலில் கேஸுக்கு இடம் கிடையாது.

தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருந்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா? நான் மரியாதையோடு சொன்ன அதே கிட்டங்கிப் பெட்டியில் நிலத்தின் கிராண்டை அடகு வைத்தவர், அந்தப் பேரேட்டில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருப்பாரா? பத்திரம் பத்திரமாகத்தான் இருந்தது. யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. நாங்கள் அதே வரிசையில், நல்ல எண்ணத்தோடு, இலவசச் சேமிப்பகத்தோடு போய் நின்றிருக்கிறோம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். 2013 நவம்பரில் அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிமாற்றங்களுக்குத்தான், கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. எங்களைப் போன்ற சனிக்கிழமைக் குழுவை மனதில் வைத்தும் எழுதப்படவில்லை. ஆனால் அதில் ஏழு கொள்கைகள் இருக்கின்றன. நான்காவது பாதுகாப்பு. ஏழாவது அணுகல்: யாரைப் பற்றிய தகவலோ அவர் அதைப் பார்க்கவும் திருத்தவும் முடிய வேண்டும். நான்காவதில் நான் நிபுணன். ஏழாவதைப் பற்றி நான் எழுதிய எந்த நிரலிலும் ஒரு வரி இல்லை.

இந்த இடத்தில் பையன் பக்கமே நியாயம் என்று முடித்துவிட்டால் எளிது. அவன் அம்மாவிடமும் பேசியிருக்கிறேன் என்பதால் முடிக்க முடியவில்லை. "மறைக்கணும்னு நெனைக்கல தம்பி. ஐ.சி. வந்ததும் சொல்லிரலாம்னு இருந்தோம். ஒன்னு கைல இருந்தாத்தானே இன்னொன்ன தாங்க முடியும்" என்றார். முதலில் ஒரு நாட்டைக் கொடுத்துவிட்டு, அப்புறம் உண்மையைக் கொடுக்க நினைத்திருக்கிறார்கள். 16 வருஷம் ராத்திரி பகலாக வளர்த்தவர்களுக்கு எதை எப்போது சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லையா? அந்தக் காகிதத்தில் அவர்கள் வாழ்க்கையும் இருக்கிறது. பிள்ளை இல்லாத வருஷங்கள், மாமியார் வாய், அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைய பயம். பெற்றவளும் இருக்கிறாள், அவளிடம் யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை. ஒரு பத்திரத்தில் நாலு பேர் வாழ்க்கை இருந்தால் அது யாருடையது?

நிச்சயமாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். அந்த ரகசியத்தைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவு, அந்த வீட்டுக்குள் இருந்த மூன்று பேருக்குள் நடந்திருக்க வேண்டியது. எப்போது, எந்தச் சொல்லில், யார் மடியில் தலைவைத்துக் கேட்பது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். கசிந்த தகவலைவிட, பறிபோன அந்தத் தருணம்தான் பெரிய நஷ்டம். தகவலுக்கு மறுபிரதி எடுத்து வைத்திருந்தேன். தருணத்துக்கு எடுக்க முடியாது.

*

இப்போது எங்கள் குழு வேறு மாதிரி இயங்குகிறது. ஒரு குடும்பத்தின் கோப்பை இரண்டு பேர் மட்டும் திறக்கலாம், ஒருவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் இருப்பார். அந்த இருவரும் அந்தக் குடும்பம் இருக்கும் ஊர்க்காரர்களாக இருக்கக்கூடாது. முதல் சந்திப்பிலேயே "இதுல யாருக்கு எது தெரியக்கூடாது?" என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி வைக்கிறோம். தத்துப் பதிவு மாதிரியானவை தனி உறையில் இருக்கும், அதைத் திறந்தால் குடும்பத்துக்குச் செய்தி போகும். வேலை முடிந்ததும் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பிரதியை அழிக்கிறோம். 18 வயதானவர் தன் கோப்பைக் கேட்டால் முழுதாகக் காட்ட வேண்டும். அக்காவும் இன்னும் எங்களோடு இருக்கிறார். இந்த விதிகளில் பாதி அவர் சொன்னவை. "எனக்குத் தெரியலன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்ல. என்னக் காப்பாத்துறதுக்கும்தான் தம்பி பூட்டு" என்றார் ஒருநாள்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்தால், இந்தப் புது விதிகளின்படியும் அந்தப் பையனுக்கு 16 வயதில் எதுவும் தெரிந்திருக்காது. இரண்டு பேர் படித்திருப்பார்கள், அவன் மூன்றாவது ஆளாக வெளியே நின்றிருப்பான். பன்னிரண்டை இரண்டாகக் குறைத்ததுதான் நான் செய்தது. அது சின்ன விஷயமில்லை. அவன் கேட்ட கேள்விக்கு விடையும் இல்லை.

சென்ற ஆண்டு அவனுக்கு நீல அட்டை கிடைத்தது. இனிப்போடு வந்தான், கூடவே அம்மாவும் வந்தார். கோப்பை அழிக்கும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான். காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் படித்தான். அப்புறம், "ணே, யார் யார் தொறந்தாங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதையும் காட்டுங்க" என்றான். அவன் அம்மா அன்றைக்கு ராத்திரி கேட்ட அதே கேள்வி.

திரையை அவன் பக்கம் திருப்பினேன். ஆரம்பத்திலிருந்தே எடுத்து வைத்திருந்த பதிவு அது. வழக்கறிஞர் ஆறு முறை. அக்கா இரண்டு முறை. மற்றவர்கள் ஒன்று, இரண்டு. ஒரு பெயர் மட்டும் பதினேழு முறை இருந்தது. எண்ணைச் சரிபார்க்க, பெயர் மாற்ற, பிரதி எடுக்க, அக்கா எப்போது திறந்தார் என்று பார்த்த அன்றிரவு மூன்று முறை. நிர்வாகி என்பதால் என்னை யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை.

அவன் அந்தப் பெயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. "அழிச்சிருங்க ணே" என்றான். அவன் கையாலேயே அழிக்கச் சொல்லி, சுட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.